உயிரணுக்களைப் பிணிக்கும் இன்டெக்ரின்

தமிழ் பயிலும் மாணவர் உயிரணுவைக் குறித்து எழுதப் புகுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். வினவுதல் முறையே. ஆயினும் இக்கட்டுரை எழுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

எம் விடுதித் தோழர் ஒருவரின் இல்லம் பாகாயத்தில் உள்ளது. அவர்தம் தங்கைக்குக் குழந்தைப் பருவந்தொட்டே மூக்கிலிருந்தும் பல் ஈறுகளினின்றும் குருதி வடிவது வழக்கம். சிறிது இடித்துக்கொண்டாலும் உடம்பில் நீலம் பூத்துவிடும். சென்ற ஆண்டு விடுமுறையில் யாம் அங்குச் சென்றிருந்தபோது, அண்டை வீட்டு மூதாட்டியார் ஒருவர், “எந்தத் தலைமுறை செய்த பாவமோ!” என்று கூறக் கேட்டோம். தோழரின் தந்தையார் மறுமொழி கூறாது தலை குனிந்து நின்றார். மருத்துவர்கள் நோய் இன்னதென்று முன்னரே அவருக்கு விளக்கியிருந்தனர். எனினும் அவர் எம்மை நோக்கி, “தம்பி, டாக்டர் சொன்னதில் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. நீ தமிழ் படிக்கிற பிள்ளை ஆயிற்றே. இதைத் தமிழில் எழுதிக் கொடுக்கக் கூடாதா?” என்றார். அக்கேள்விக்கு விடையாகவே, தோழரின் இசைவு பெற்று, இதனை எழுதுகின்றோம்.

தோலினின்று தொடங்குவாம்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்னும் ஊர்களில் வாழ்வார்க்குத் தோல் புதிய பொருளன்று. பதனிடும் சாலையிற் பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் ஒட்டிய தசையையும் நீக்குவர். மேற்றோலின் உயிரணுக்கள் யாவும் கழிந்துபோக, எஞ்சி நிற்பது ஒரு நார்ப்பின்னல். அந்நாரே கொலாஜன் என்னும் புரதம். ஆவாரம் பட்டையாலோ குரோமிய உப்பாலோ பதனிடுதல் என்பது அந்நார் அழுகாவண்ணம் செய்தலேயாம்.

இக்கொலாஜனின் வடிவத்தை உலகிற்கு விளக்கியவருள் முதன்மையானவர் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரன் ஆவார். சென்னையில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தினின்று கங்காருவின் வாற்றசை நாண் பெற்று, அதனை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தா என்னும் தம் மாணவருடன் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் தம் முடிபை வெளியிட்டார். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்பதே அம்முடிபு.

இனி ஒரு வினா எழுகின்றது. தோல் பதனிடுவோர் நார் வேறு, உயிரணு வேறு எனப் பிரித்துவிடுகின்றனர். உயிருள்ள உடம்பில் அவ்விரண்டும் பிரியாது பொருந்தி நிற்பது எதனால்? இவ்வினாவிற்குரிய விடைகளுள் தலைசிறந்தது இன்டெக்ரின்.

இன்டெக்ரின் என்பது யாது?

ஒவ்வொரு உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அச்சவ்வை ஊடுருவி, ஒரு முனை வெளியிலும் மற்றொரு முனை உள்ளிலுமாக நிற்கும் புரதமே இன்டெக்ரின். வெளிமுனை கொலாஜன், ஃபைப்ரோநெக்டின், லாமினின் முதலிய நார்ப்பொருள்களைப் பற்றுகின்றது. உள்முனை, தாலின் முதலிய துணைப் புரதங்களின் வழியாக, உயிரணுவின் உட்சட்டமாகிய ஆக்டின் இழைகளோடு பிணைகின்றது. அகத்தையும் புறத்தையும் ஒன்றாக இணைப்பது பற்றி, ரிச்சர்டு ஹைன்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1986-இல் இதற்கு இன்டெக்ரின் எனப் பெயரிட்டனர். 1984-இல் எர்க்கி ருவோஸ்லாட்டி, மைக்கேல் பியர்ஷ்பாக்கர் ஆகியோர், ஃபைப்ரோநெக்டினில் உயிரணு பற்றும் இடம் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்னும் மூன்று அமினோ அமிலங்களின் தொடரே என்று காட்டினர். ஒரு பெரும் புரதத்தில் மூன்றெழுத்துச் சொல் போன்ற சிறு பகுதியே பற்றுக்கோடாக நின்றது! குருதியின் வெள்ளணுக்கள் பற்றும் முறையை ஆராய்ந்தவர் திமோதி ஸ்பிரிங்கர். ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி, ஸ்பிரிங்கர் ஆகிய மூவர்க்கும் 2022-இல் லாஸ்கர் பரிசு வழங்கப்பெற்றது.

ஒவ்வொரு இன்டெக்ரினும் ஆல்பா, பீட்டா என்னும் இரு கூறுகளால் ஆயது. மனித உடம்பில் ஆல்பா வகை 18, பீட்டா வகை 8. இவை கூடி 24 இணைகள் ஆகின்றன. இலக்கணம் பயில்வார் இரட்டைக்கிளவியை நினைவு கூர்க. அது பிரித்தவழிப் பொருள் தராது. இன்டெக்ரினும் அவ்வாறே இணை பிரிந்தவழிப் பயன்படாது. இணை பெறாத கூறு உயிரணுவின் மேற்பரப்பையே அடையாமல் உள்ளேயே அழிக்கப்படும். இரட்டைக்கிளவியில் ஒரு சொல்லே இரட்டிக்கும். இங்கோ இணையும் கூறுகள் இரண்டும் வேறானவை. இவ்வேற்றுமையையும் மறத்தலாகாது.

இன்டெக்ரின் எந்நேரமும் பற்றிக்கொண்டே இருப்பதன்று. ஓய்வில் இருக்கும்போது மடங்கி, முழந்தாளிட்டாற் போல நிற்கும். உள்ளிருந்து ஆணை வந்தவழி நிமிர்ந்து விரிந்து பற்றும். பற்றியபின் புறத்துச் செய்தியை உள்ளே அனுப்பும். “நீ உரிய இடத்தில் இருக்கின்றாய், வாழ்க, பெருகுக” என்பதே பெரும்பாலும் அச்செய்தியின் பொருள் எனலாம். இச்செய்தி அற்றுப்போனால் உயிரணுக்கள் பல தாமே மாய்கின்றன. புற்றுநோய் அணுக்களோ இக்கட்டுப்பாட்டை மீறி, பற்றிழந்த பின்னும் வாழ்ந்து, வேற்றிடம் சென்று குடியேறுகின்றன.

பற்றாமையால் வரும் நோய்

குருதியில் தட்டணுக்கள் என்பன உள. ஒரு கன மில்லி மீட்டர் குருதியில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை அவை இருத்தல் இயல்பு. காயம் நேர்ந்தவிடத்து இவை ஒன்றோடொன்று கூடி அடைப்பாகின்றன. அங்ஙனம் கூடுதற்கு ஒவ்வொரு தட்டணுவின் மேலும் ஏறத்தாழ 80,000 இன்டெக்ரின்கள் உள. ஆல்பா இரண்டு-பி, பீட்டா மூன்று என்னும் இணை இது. குருதியில் உள்ள ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தின் ஒரு முனையை ஒரு தட்டணுவின் இன்டெக்ரினும், மறு முனையை மற்றொரு தட்டணுவின் இன்டெக்ரினும் பற்ற, அணுக்கள் கைகோத்தாற் போல நிற்கும்.

இவ்விணை பிறவியிலேயே இல்லாதார்க்கும் குறையுடையார்க்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; ஆனால் அவை கூடா. இதனை முதன்முதல் விளக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் எடுவர்டு கிளான்ஸ்மன், ஆண்டு 1918. அதே ஆண்டிலேதான் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகி, இன்று பாகாயத்தில் தன் மாணவர்க்கு வளாகம் கொண்டு விளங்குகின்றது. தென்னிந்தியர் 42 பேரிடம் கண்ட கிளான்ஸ்மன் நோயைப் பற்றி அந்நிறுவனத்து மருத்துவர்கள் 1981-இல் அறிக்கை வெளியிட்டனர். உலகில் அரிதென எண்ணப்படும் ஒரு நோய்க்கு ஒரு மருத்துவமனையில் இத்துணைப் பேர் வந்தனர் என்பது சிந்திக்கற்பாலது.

இதற்குக் காரணம் அறிய மரபுவழியை நோக்குதல் வேண்டும். ஆல்பாவிற்கு ஒரு மரபணுவும் பீட்டாவிற்கு ஒரு மரபணுவும் உள. இரண்டனுள் எதில் பழுது நேரினும் இணை அமையாது, நோய் ஒன்றே. ஆயின் ஒவ்வொரு மரபணுவும் தந்தைவழி ஒன்று, தாய்வழி ஒன்று என இரு படிகளாக உள்ளது. ஒரு படி பழுதுற்றோர் நலமாகவே வாழ்வர். தம்மிடம் பழுது உளது என அறியவும் மாட்டார். இத்தகைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உறவில் மணப்போர் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருத்தல் கூடும். மாமன் மகளை மணத்தலினும், அக்காள் மகளை மணத்தலில் இவ்வாய்ப்பு இருமடங்கு. உறவு விட்டுப்போகலாகாது என்று கருதி நம்மவர் பன்னெடுங்காலமாகச் செய்துவரும் மணமுறையே சில குடும்பங்களில் இவ்விடர்க்கு வழியாகின்றது.

நோயுற்றோர் ஆஸ்பிரின் முதலிய மருந்துகளை விலக்கல் வேண்டும். பல் பிடுங்குமுன் மருத்துவரிடம் நோயைக் கூறல் வேண்டும். பெண்மக்கள் பூப்பெய்துங்காலம் மிகுந்த கவனத்திற்குரியது. குருதி மிகுந்து வடியின், பிறர் ஈந்த தட்டணுக்களை ஏற்றுவர். ஆனால் அவற்றில் உள்ள இன்டெக்ரினை உடம்பு அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்குதலும் உண்டு. அந்நிலையில் உறைகாரணி ஏழினைச் செயற்கையாகச் செய்து அளிப்பர்.

வெள்ளணுக்களில் பீட்டா இரண்டு குறைந்தால் வேறொரு நோய் உண்டாகின்றது. குருதிக்குழாயின் சுவரைப் பற்றி வெளியேற இயலாமையால், வெள்ளணுக்கள் குருதியில் நிறைந்திருந்தும் புண்ணை அடைவதில்லை. அத்தகைய குழந்தைக்குத் தொப்புட்கொடி காலந்தாழ்த்து விழும். புண்ணில் சீழ் பிடிப்பதில்லை. சீழ் இல்லாமை நலமெனத் தோன்றினும், கிருமியை எதிர்ப்பார் வந்திலர் என்பதே அதன் பொருள். கடுமையான நிலையில் எலும்பு மச்சை மாற்றுதலே இதற்கு நிலையான தீர்வு.

மிகப் பற்றுதலும் கேடே

பற்றாமை நோயாதல் போல, வேண்டாவிடத்துப் பற்றுதலும் நோயாம். இதயக் குழாயில் தட்டணுக்கள் திரண்டு அடைத்தால் மாரடைப்பு நேர்கின்றது. அப்போது அதே இன்டெக்ரினைத் தடுத்தல் பயன் தரும். இதற்கு வழி காட்டியது ஒரு நச்சுப்பாம்பு. நம் ஊர்ப்புறத்துக் கற்குவியல்களில் மறைந்திருக்கும் சுருட்டை விரியனின் நஞ்சில் எக்கிஸ்டாட்டின் என்னும் சிறு புரதம் உண்டு. முன்னர்க் கூறிய மூன்று அமினோ அமிலத் தொடரை அது தாங்கியிருத்தலால், தட்டணு இன்டெக்ரினைப் பற்றி அடைத்துவிடும். அதனைப் பார்த்து அமைத்த டைரோஃபைபன் என்னும் மருந்து 1998 முதல் மருத்துவத்தில் வழங்குகின்றது.

குடற்புண் நோய்க்கு வெடோலிசுமாப் என்னும் மருந்து 2014 முதல் உளது. வெள்ளணுக்கள் குடற்சுவரைப் பற்றாவண்ணம் அது தடுக்கின்றது. நரம்புறை சிதையும் நோய்க்கு 2004-இல் வந்த நட்டாலிசுமாப் மூளையைக் காக்க வரும் வெள்ளணுக்களையும் தடுத்தமையால், சிலர்க்குக் கொடிய மூளைத்தொற்று நேர்ந்தது. அதனால் 2005-இல் நிறுத்தப்பெற்று, 2006-இல் கடுங்கட்டுப்பாட்டுடன் மீண்டும் வழங்கப்பெற்றது. மூளைப் புற்றுக்கென ஆக்கிய சிலென்ஜிடைடு என்பது பெருஞ்சோதனையில் வாழ்நாளை நீட்டவில்லை என 2013-இல் அறிவிக்கப்பட்டது. எனவே ஒரு புரதத்தை அறிந்தமையாலேயே நோயை வென்றோம் என்று இறுமாத்தல் கூடாது.

தோல் வாணிகர்க்கும் உழவர்க்கும் ஒரு செய்தி கூறுவாம். மாடுகளைத் தாக்கும் கோமாரி நோயின் வைரசும் அம்மூன்று அமினோ அமிலத் தொடரையே தன் புறவுறையில் கொண்டுள்ளது. நாவிலும் குளம்பிடையிலும் உள்ள உயிரணுக்களின் இன்டெக்ரினை அதனால் பற்றியே உட்புகுகின்றது. உடம்பு தன்னைக் காக்க வைத்த கைப்பிடியைத் திருடனும் பிடித்து ஏறுகின்றான்!

முடிவுரை

இனி எம் தோழர் இல்லத்திற்கு மீளுவாம். அவர் பெற்றோர் உறவில் மணந்தோர். அவர்க்கும் மாமன் மகளையே மணம் பேசியுள்ளனர். அவர் நோயில்லாதவர், எனினும் தங்கைக்கு நோய் இருத்தலின், அவரிடம் பழுதுற்ற ஒரு படி இருத்தற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. இதனைக் கேட்ட நாளில் அவர் உணவு கொள்ளாது அறையிலேயே இருந்தார். மணம் வேண்டாவென யாம் கூறவில்லை. கூற எமக்குத் தகுதியும் இல்லை. இருவரும் மரபணுச் சோதனை செய்துகொண்டு பின்னர் முடிவு செய்க என்பதே மருத்துவர் அறிவுரை. சென்ற திங்கள் அப்பெண்ணும் அதற்கு இசைந்தார் என அறிந்து மகிழ்ந்தோம்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர் எழுப்பிய வினாவை வேதம் பயின்ற நம்மில் பலர் அறிவர். குற்றம் யாருடையது என்பதே அவ்வினா. மூதாட்டியார் கேட்டதும் அதுவே. ஒரு மரபணுவில் ஓர் எழுத்துப் பிறழ்ச்சி. அது தந்தை செய்த குற்றமும் அன்று, தாய் செய்த குற்றமும் அன்று. இவ்வொன்றை அத்தந்தையார் தமிழிற் படித்து அறிந்தால் இக்கட்டுரையின் பயன் முடிந்தது.

தோழர்களே, தட்டணுக்களை எடுத்தபின் ஏறத்தாழ ஐந்து நாட்கள் மட்டுமே வைத்திருத்தல் இயலும். ஆதலின் ஒரு முறை ஈவதோடு அமையாது, உடல்நலமுடையோர் முறைவைத்து ஈதல் வேண்டும். எம் விடுதியில் பன்னிருவர் பெயர் கொடுத்துள்ளோம். பதின்மூன்றாம் பெயரை எதிர்நோக்கியுள்ளோம்.