பத்தொன்பதை ஆறாக்கு, கார்த்தி

திருவண்ணாமலை

அன்புள்ள கார்த்தி,

நீயும் மீனாவும் போட்ட பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. பிப்ரவரி முதல் வாரம் புறப்பட்டு மார்ச் முதல் வாரம் திரும்புவதாக எழுதியிருக்கிறாய். முப்பது நாளில் பத்தொன்பது ஊர். லண்டனுக்கு மூன்று நாள், எடின்பரோவுக்கு ஒன்றரை நாள், ஸ்காட்லாந்தின் வடகோடி வரை வாடகைக் காரில் ஒரே ஓட்டம். உன் ஆசை எனக்குப் புரிகிறது. இவ்வளவு காசு செலவழித்துப் போகிறோம், மறுபடி எப்போது வாய்க்குமோ, எதையும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறாய். ஆனால் இந்தத் திட்டத்தோடு போனால் பாதி நாள் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் கழிந்துவிடும். பத்தொன்பதை ஆறாக்கு.

நீ நாலு தேசத்து ஜனங்கள் வந்து போகும் ஊரில் பிறந்தவன். காலை பத்து மணிக்கு வேனில் வந்து இறங்கி, ராஜகோபுரத்தைப் படம் எடுத்து, ஆசிரமத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மாலையே புதுச்சேரிக்குக் கிளம்புகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். செங்கம் சாலைப் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் தங்குகிறவர்களையும் பார்க்கிறாய். இவர்களுக்கு டீக்கடைக்காரரின் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறான் என்பது தெரியும். பௌர்ணமியன்று எந்தெந்தத் தெருவில் வண்டி விடமாட்டார்கள் என்று தெரியும். மழை ஓய்ந்த மறுநாள் மலை வேறு நிறத்தில் நிற்கும் என்பதும் தெரியும். நம் ஊரை நன்றாக அறிந்த பிரிட்டிஷ்காரர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது வகைதான். 1911-இல் வேலூருக்குப் போலீஸ் அதிகாரியாக வந்த ஹம்ப்ரீஸ், நம் மலையில் இருக்கும் விரூபாட்ச குகைக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளாமல் மறுபடியும் வந்தார். மேஜர் சாட்விக் 1935-இல் வந்து, 1962-இல் கண்மூடும்வரை இங்கேயே இருந்துவிட்டார். ஆர்தர் ஆஸ்பர்ன் குடும்பத்தோடு இங்கே வாழ்ந்து, 1964-இல் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கினார். அவர்கள் நம் ஊருக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு சிறு பங்கையாவது நீ அவர்கள் ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி விவரத்துக்கு வருகிறேன். முதலில் வெளிச்சம். இத்தனை வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் வேறெங்கே தொடங்குவேன்? பிப்ரவரி நடுவில் லண்டனில் காலை ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் உதிக்கும். மாலை ஐந்தேகாலுக்குள் மறைந்துவிடும். பகல் பத்தே மணி நேரம். அதிலும் பாதி நாள் மேகம் மூடியிருக்கும். ஆனால் அந்தப் பருவத்தில் பகல் நாளுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் நீளும். மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகிவிடும். அதனால் பயணத்தை மூன்று வாரம் தள்ளிப் போடு. பிப்ரவரிக் கடைசியில் போய் மார்ச் கடைசியில் திரும்பு. பிப்ரவரி நடுவில் அவர்கள் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை வேறு. அறை வாடகையும் கூட்டமும் ஏறும், அதிலிருந்தும் தப்பலாம். ஈஸ்டர் எந்தத் தேதியில் விழுகிறது என்றும் பார்த்துக்கொள். சில வருடம் மார்ச்சிலேயே வந்துவிடும்.

வெளிச்சம் இப்படி நீள்வதால் வழியும் தானாகவே அமைந்துவிடுகிறது. இருட்டும் ஈரமும் மிகுந்த முதல் பத்து நாளைத் தெற்கே, கூரைக்குக் கீழே செலவழி. பகல் நீள நீள வடக்கே ஏறு. நீ எழுதியிருப்பது நேர்மாறாக இருக்கிறது. பிப்ரவரியிலேயே ஸ்காட்லாந்தில் போய் நின்றால் பனியும் இருட்டும்தான் மிஞ்சும்.

லண்டனில் ஒரு வாரம் இரு. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. காசு கொடுக்காத இடத்துக்கு இரண்டு மணி நேரம் போய்விட்டு, கால் வலிக்கத் தொடங்கியதும் வெளியே வந்து, மறுநாள் மறுபடி போகலாம். ஒரே நாளில் முழுவதையும் பார்க்க நினைக்காதே. போவதற்கு முன் ஒரு காரியம் செய்: சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் அமராவதிச் சிற்பங்களைப் பார். அதே ஸ்தூபியின் இன்னொரு பகுதி மதராஸிலிருந்து கப்பலேறிப் போய் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தவனுக்குத்தான் எது எங்கே பிரிந்து கிடக்கிறது என்பது உறைக்கும். பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து சோவாஸ் கல்லூரி நடக்கும் தூரம். அதன் வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. சோற்று ஏக்கம் வந்தால் ஈஸ்ட் ஹாமுக்கு ரயிலேறு. முருகன் கோயிலும், இட்லி தோசையும், இலங்கைத் தமிழர் கடைகளில் கொத்து ரொட்டியும் கிடைக்கும்.

அடுத்தது ஆக்ஸ்போர்டு. உன் திட்டத்தில் அரை நாள் என்று போட்டிருக்கிறாய். இரண்டு இரவு தங்கு என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் கல்லூரிக் கட்டடங்கள் அல்ல. வால்டன் தெருவை ஒட்டி செயின்ட் செபல்கர்ஸ் என்று ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜி.யு. போப் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1839-இல் பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்; சாயர்புரம், தஞ்சாவூர், உதகை என்று வாழ்ந்தவர். திருக்குறளை 1886-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசக மொழிபெயர்ப்பை 1900-இல், எண்பது வயதில், இந்த ஆக்ஸ்போர்டிலிருந்துதான் கொண்டுவந்தார். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது நம் அண்ணாமலையில் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயில் இருக்கிறது, எத்தனையோ தடவை நீ அதைக் கடந்து நடந்திருப்பாய். மார்கழி விடியற்காலையில் நம் வீட்டுத் தெருவில் கேட்கும் அந்தப் பாட்டை எண்பது வயதுக் கிழவர் ஒருவர் அந்தக் குளிரில் உட்கார்ந்து வரிவரியாகத் தம் மொழிக்குக் கொண்டுபோயிருக்கிறார். திருவண்ணாமலைப் பிள்ளை அந்த ஊருக்குப் போய் அவர் கல்லறைக்கு ஒரு பூ வைக்காமல் திரும்பக் கூடாது. அந்தச் சமயத்தில் ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூ அங்கே தரையில் பூத்திருக்கலாம். அதைப் பறிக்காதே, கடையில் வாங்கிக்கொண்டு போ.

மார்ச் 1 வேல்ஸ்காரர்களின் செயின்ட் டேவிட் நாள். முடிந்தால், ஆக்ஸ்போர்டைப் பின்னுக்குத் தள்ளியாவது, அன்றைக்கு கார்டிஃபில் இரு. சட்டையில் மஞ்சள் டாஃபடில் பூவைக் குத்திக்கொண்டு நடப்பார்கள். மேற்கே கார்மார்தன்ஷயரில் ஸ்கந்தவேல் என்று முருகனுக்கு ஓர் ஆசிரமம் இருக்கிறது, 1973-இல் தொடங்கியது. பஸ் ரயிலை நம்பிப் போகும் இடமில்லை. போக ஆசைப்பட்டால் முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போ.

பிறகு யார்க். நம்ம வசந்தி லீட்ஸில் இருந்தபோது நான் அதிகம் சுற்றிய பக்கம் அது. ஊரைச் சுற்றிய மதில்மேல் நடக்கலாம். குளிர்காலத்தில் உறைபனி இருந்தால் மூடிவிடுவார்கள், மறுநாள் திறப்பார்கள். ஊரில் தங்கியிருப்பவனுக்கு மறுநாள் என்று ஒன்று உண்டு. அங்கிருந்து ஒரு பகலில் டரம் போய் வரலாம். அந்தப் பேராலயத்தை 1093-இல் கட்டத் தொடங்கினார்கள். நம் தஞ்சைப் பெரிய கோயில் முடிந்து நூறு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. உள்ளே அந்தப் பருமனான தூண்களுக்கு நடுவில் நின்று பார், இரண்டையும் மனதுக்குள் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும்.

ஐந்தாவது எடின்பரோ, ஆறாவது ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பகுதி. இங்கே உன்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறவன், கார்த்திகைக்கு உச்சிவரை ஏறியவன், பென் நெவிஸ் என்ன பெரிய மலை என்று எழுதியிருக்கிறாய். அதன் உயரம் 1,345 மீட்டர். மார்ச்சில் உச்சி முழுக்கப் பனியும் உறைந்த பாறையும். ஐஸ் கோடரியும் காலணி முட்களும் அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் இல்லாதவன் அங்கே போகக் கூடாது. மேகம் இறங்கினால் கைக்கெட்டும் தூரம் தெரியாது. எடின்பரோ நடுவிலேயே ஆர்தர்ஸ் சீட் என்று 251 மீட்டர் குன்று இருக்கிறது, காற்று பலமாக இல்லாத பகலில் ஏறு. அது போதும். அதே காரணத்துக்காக வாடகைக் காரும் வேண்டாம். நம் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும், நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், எல்லாம் சரி. ஆனால் சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருக்கும் பனிப்படலத்தில் வண்டி வழுக்கினால் என்ன செய்வது என்பது வந்தவாசிச் சாலையில் ஓட்டியவனுக்குத் தெரியாது.

அதற்குப் பதில் கிளாஸ்கோவிலிருந்து மல்லைக் போகும் சாதாரண ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரானக் சதுப்புவெளி, பனி மூடிய மலைகள், தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மேயும் மான்கள். கிளென்ஃபினன் பாலத்தின் 21 வளைவுகள்மேல் போவாய். ஹாரி பாட்டர் படத்தில் வரும் நீராவி ரயில் அந்தக் குளிர் மாதங்களில் ஓடாது. மீனாவிடம் முன்பே சொல்லிவிடு. கிராமப்புறத்துப் பழைய மாளிகைகள் பலவும் அந்தச் சமயத்தில் பூட்டியிருக்கும் அல்லது தோட்டம் மட்டும் திறந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதிசெய்துகொள்.

ரயில் சீட்டை முன்கூட்டி வாங்கினால்தான் மலிவு. குறிப்பிட்ட ரயிலுக்கான அட்வான்ஸ் சீட்டு சில வாரங்களுக்கு முன்பே விற்பனைக்கு வரும். 'டூ டுகெதர்' ரயில் அட்டை ஒன்று வாங்கினால் இருவரும் சேர்ந்து போகும்போது மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது. ஊர்விட்டு ஊர் போவதை ஞாயிற்றுக்கிழமை வைக்காதே. தண்டவாள வேலை என்று பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றுவார்கள்.

குளிரைப் பற்றி நீ பயப்படுவது தேவைக்கு மேல். தெற்கே பகலில் எட்டு, ஒன்பது டிகிரி இருக்கும். உடம்பை வாட்டுவது ஈரக்காற்று. ஒரே ஒரு தடித்த கோட்டைவிட மெல்லிய உடைகள் மூன்று அடுக்கும், மேலே தலைமூடியுள்ள மழைச்சட்டையும் நல்லது. குடையைக் காற்று ஒடித்துவிடும். தண்ணீர் புகாத ஷூவுக்கு மட்டும் காசு பார்க்காதே, இங்கேயே வாங்கிப் பத்து நாள் போட்டு நடந்து பழகிக்கொள். கம்பளி உடைகளை அங்கே ஆக்ஸ்பாம் போன்ற தர்மக் கடைகளில் மலிவாக வாங்கலாம்.

விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்தபின் வழக்கமாக மூன்று வாரம் ஆகும். விசா கைக்கு வருமுன் திருப்பித் தராத சீட்டு எதையும் வாங்காதே. கணக்கில் பணம் காட்டுவதற்காக அப்பாவிடம் வாங்கித் திடீரென்று பெருந்தொகை போடாதே, அதுவே சந்தேகம் கிளப்பும். அவர் உதவுகிறார் என்றால் அதை அப்படியே எழுதி, அவருடைய கணக்கு விவரத்தையும் இணைத்துவிடு. பயணக் காப்பீடு இல்லாமல் போகவே கூடாது. வெளிநாட்டவர் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அங்கே செலவு தாங்காது.

புதிய திட்டத்தை எழுதும்போது ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடு. மழை கொட்டிய நாளின் வேலை அந்த நாளுக்குப் போகும். மழையே வராவிட்டால், அறை கொடுத்தவரிடம் அவர் ஓய்வு நாளில் எங்கே போவார் என்று கேட்டு அங்கே போங்கள். எழுதியதும் எனக்கு அனுப்பு. சீட்டு வாங்குமுன் நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். மீனாவுக்கு என் அன்பு.

உன்
அத்தை