எங்கிருந்து வந்தது? முதல் மடக்கு யாருக்கு?

இந்த மாதம் பிரிட்டனின் சிறு பீர் ஆலைகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பீரைக் குடித்துப் பார்த்து மார்க் போடுவதெல்லாம் ஒரு வேலையா? யார் இதை ஆரம்பித்து வைத்தது?

பதில்: வேலைதான். இங்கிலாந்தில் அது ஊர்ப் பொறுப்பாகவே இருந்திருக்கிறது. 1266-ஐ ஒட்டி வந்த ரொட்டி, ஏல் சட்டம், தானிய விலைக்கு ஏற்ப ஏல் என்கிற பீரின் விலை இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. அதை ஊர்தோறும் கண்காணிக்க 'ஏல் கானர்' எனப்பட்ட சோதனையாளர்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஏல் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுத் தேவைக்குக் காய்ச்சி, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்பார்கள். ஹாப்ஸ் பூ போட்டுக் காய்ச்சும் வழக்கம் நெதர்லாந்துப் பக்கமிருந்து 15-ஆம் நூற்றாண்டில்தான் அங்கே பரவியது. அது இல்லாத ஏல் சில நாட்களிலேயே புளித்துவிடும். அதனால் காய்ச்சியது தயாரானதும் வாசலில் ஒரு கழியை நீட்டி வைப்பார்கள். கானர் வந்து குடித்துப் பார்த்து, 'சரி' என்று சொன்ன பிறகே விற்பனை. சரக்கு மட்டமாக இருந்தாலோ, அளக்கும் பாத்திரம் சிறியதாக இருந்தாலோ அபராதம். 1556-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் இந்தப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜான் ஷேக்ஸ்பியர், நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் அப்பா.

கானர் தோல் கால்சட்டை போட்டுக்கொண்டு, பெஞ்சில் ஏலைக் கொட்டி அதன்மேல் உட்கார்ந்து, எழும்போது ஒட்டுகிறதா என்று பார்ப்பார் என்று ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் கட்டிய கதை அது. வேலை நாக்கால்தான் நடந்தது. லண்டன் மாநகரில் இன்றும் ஆண்டுதோறும் கோடையில் நான்கு ஏல் கானர்களைச் சம்பிரதாயமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கானர் நின்றது காசு கொடுத்துக் குடிப்பவரின் பக்கம். இன்று பீர் விமர்சனம் எழுதுகிறவர் யாராக இருந்தாலும் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரில் இந்தியா எப்படி வந்தது? கப்பலில் கெட்டுப்போகாமல் இருக்க ஹாட்ஜ்சன் என்பவர் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

பதில்: ஹாட்ஜ்சன் உண்மை, கண்டுபிடிப்பு உண்மையில்லை. ஹாட்ஜ்சனுக்கு முன்பே பிரிட்டிஷ் பீர் இந்தியாவுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் அதே கடல்வழியில் நல்லபடியாகவே வந்து சேர்ந்தது. படைவீரர்கள் குடித்தது பெரும்பாலும் அதைத்தான்.

லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1752-ல் ஆலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அங்கிருந்து பக்கம். கப்பல் கேப்டன்கள் தங்கள் சொந்தக் கணக்கில் கொஞ்சம் சரக்கு ஏற்றிக்கொள்ளக் கம்பெனி அனுமதித்திருந்தது. ஹாட்ஜ்சன் குடும்பம் அவர்களுக்கு 18 மாதம் வரை கடன் கொடுத்தது. துறைமுகம் பக்கம், தவணை நீளம்: வியாபாரம் பிடித்ததற்கு இந்த இரண்டும் போதும்.

அவர்கள் ஏற்றியனுப்பிய சரக்குகளில் ஒன்று 'அக்டோபர் பீர்'. அறுவடை முடிந்த கையோடு புது மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) புது ஹாப்ஸையும் தாராளமாகப் போட்டுக் காய்ச்சுவது. பணக்கார வீடுகளின் நிலவறையில் ஒன்றிரண்டு வருடம் கிடந்து பக்குவப்பட வேண்டிய சரக்கு. கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, கல்கத்தாவையோ மதராஸையோ தொடப் பல மாதங்கள் ஆகும். அந்தச் சூட்டிலும் ஆட்டத்திலும், நிலவறையில் வருடக்கணக்கில் நடக்க வேண்டிய பக்குவம் பீப்பாய்க்குள் சில மாதங்களிலேயே நடந்து முடிந்தது. இங்கே திறந்து ஊற்றிய கம்பெனி அதிகாரிகளுக்கு அந்த ருசி பிடித்துப்போனது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை.

1820-களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்சன் வாரிசுகள் கேப்டன்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே கப்பலேற்றப் பார்த்தார்கள். கடுப்பான கம்பெனி இயக்குநர் ஒருவர், பர்ட்டன் நகரத்து சாமுவேல் ஆல்சப்பிடம் இதே மாதிரி பீரைக் காய்ச்சச் சொன்னார். ஆல்சப்பின் ஆள் ஜோப் குட்ஹெட் முதல் சோதனையை ஒரு தேநீர்க் கூஜாவில் போட்டுப் பார்த்தார் என்பது பர்ட்டனில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம்; அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு துலக்கமாக நிற்கும். நாளடைவில் ஆல்சப்பும் அதே பர்ட்டனின் பாஸ் ஆலையும் ஹாட்ஜ்சனை முந்திவிட்டார்கள். பெயர் அச்சில் வந்ததும் இந்தக் காலத்தில்தான்: 1829-ல் சிட்னிப் பத்திரிகை விளம்பரம் ஒன்றில் 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்று வருகிறது.

முதல் உலகப் போரின் வரியும் தானியத் தட்டுப்பாடும் பிரிட்டிஷ் பீரைப் பொதுவாகவே நீர்க்கச் செய்தன. இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐபிஏ, என்ற பெயர் மட்டும் லேபிளில் தங்கிப்போனது. பழைய முறுக்கு திரும்பியது அமெரிக்கச் சிறு ஆலைகள் வழியாக. பிறகு 2005-ல் டெர்பிஷரில் ஒரு பழைய மாளிகையின் வளாகத்தில் தொடங்கிய தார்ன்பிரிட்ஜ் ஆலை, 5.9 சதவீதத்தில் ஒரு ஐபிஏ காய்ச்சி அதற்கு 'ஜெய்ப்பூர்' என்று பேர் வைத்தது.

கேள்வி: சிறு ஆலைகள் திடீரென்று ஏன் முளைத்தன?

பதில்: திடீரென்று இல்லை, முப்பது நாற்பது வருடப் பிடிவாதம் அது. 1960-களில் பிரிட்டனின் ஊர் ஆலைகள் ஒவ்வொன்றாகப் பெரிய கம்பெனிகளால் விழுங்கப்பட்டு, கடைசியில் ஆறு பெரிய கைகளில் பெரும்பாலான பீரும் ஏராளமான பப்களும் சிக்கின. அவர்கள் 'கெக்' பீரைத் தள்ளினார்கள். வடிகட்டி, சூடுபடுத்தி ஈஸ்ட்டைக் கொன்று, ஜில்லென்று ஆக்கி, வாயு அழுத்தத்தில் குழாய்க்கு ஏற்றும் பீர். பப்காரருக்குப் பராமரிப்பே இல்லை. குடிப்பவருக்கு ருசியும் இல்லை.

1971-ல் இங்கிலாந்தின் வடமேற்கிலிருந்து நான்கு இளைஞர்கள் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போனார்கள். மூன்று பேர் பத்திரிகையாளர்கள், ஒருவர் பீர் ஆலை ஊழியர். கெர்ரி கடற்கரையில் டன்குவின் கிராமத்து பப்பில் உட்கார்ந்து அவர்கள் தொடங்கிய இயக்கம்தான் 'காம்ரா'. பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடிருந்து இரண்டாம் முறை நொதிக்கும் பழைய ஏலைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். 1974-ல் வந்த அவர்களது 'குட் பீர் கைடு' அந்த ஆறில் ஒன்றான வாட்னி கம்பெனியின் பீரைக் கொள்ளைநோயோடு ஒப்பிட்டது. அச்சகத்தார் பயந்துபோகவே அந்த ஒப்பீட்டை நீக்கிவிட்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிற மாதிரி எச்சரிக்கையோடு விட்டார்கள்.

அதே 1974-ல், வாட்னி கைக்குப் போய் மூடப்பட்ட நார்தாம்ப்டன் ஆலையின் தலைமைக் காய்ச்சுநர் பில் அர்க்குஹார்ட், லிட்ச்பரோ கிராமத்தில் தானே ஒரு சின்ன ஆலை போட்டார். வேலை போன ஆள் தனக்குத் தெரிந்த தொழிலைச் சின்ன அளவில் செய்யலாம் என்று காட்டிய அந்த முன்மாதிரி பலருக்குத் தைரியம் கொடுத்தது. 1978-ல் பீட்டர் ஆஸ்டின் ஹாம்ப்ஷரில் ரிங்வுட் ஆலையைத் தொடங்கினார். 1980-ல் சிறு ஆலைகளின் சங்கம் உருவானபோது அவரே முதல் தலைவர். அந்தச் சங்கம் இருபது வருடம் கேட்டுக் கேட்டு 2002-ல் வாங்கியது வரிச் சலுகை. ஆண்டுக்கு 5 லட்சம் லிட்டர் வரை காய்ச்சும் ஆலைக்குப் பீர் வரி அப்போது பாதியானது. ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியிலும் பண்ணைக் கொட்டகைகளிலும் ஆலைகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: நல்ல பீர், மட்டமான பீர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே கசப்புதானே?

பதில்: கசப்பு ஒரு பகுதிதான். மூக்குக்குத்தான் முதல் வேலை. பப்பில் சட்டப்படி பைன்ட்டின் மூன்றில் ஒரு பங்கும் வாங்கலாம், சுமார் 190 மில்லி. ருசி பார்க்க அது போதும். நாலைந்து வகை பார்க்க வேண்டுமென்றால் லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடியுங்கள். காட்டமான ஐபிஏவுக்குப் பிறகு மைல்டு ஏல் குடித்தால் தண்ணீராகத்தான் தெரியும். அந்தப் பாவம் மைல்டு ஏலைச் சேராது.

ஜெய்ப்பூரையே எடுத்துக்கொள்வோம். வெளிறிய பொன்னிறம். கிளாஸைக் கொஞ்சம் சுழற்றி முகர்ந்தால், பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் வருகிற வாசனை. அமெரிக்க ஹாப்ஸ் தருவது அது. முதல் மடக்கில் மால்ட்டின் மெல்லிய தேன் இனிப்பு. விழுங்கிய பிறகு கசப்பு மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். ஒயின் ருசிப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பீர் ருசிப்பவர்கள் விழுங்குவது இந்தக் கடைசிக் கசப்புக்காகத்தான்.

இனி குறைகளுக்கு வருவோம். வெண்ணெய் வாடை தூக்கலாக அடித்தால் நொதித்தல் முழுசாக முடியவில்லை. பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் அவசரப்பட்டுப் பீப்பாயில் அடைத்துவிட்டார்கள். ஈர அட்டை வாடை, காற்றுப் பட்டுப் பழசானதற்கு அடையாளம். நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு நாற்றம் வரும். பழுப்புப் பாட்டில் இருப்பது அதனால்தான். வினிகர் வாடை என்றால் பீப்பாய் திறந்து நாளாகிவிட்டது. நல்ல பப்பில் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள்.

பீரின் பக்குவத்தில் பப்புக்கு இருக்கும் பங்கை விமர்சகர்கள் பலர் கவனிப்பதில்லை. பீப்பாய் ஏல் ஆலையிலிருந்து வரும்போது அரைகுறைதான். பப்பின் நிலவறையில் 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்து, மண்டி அடியில் படிய விட்டு, சரியான நாளில் திறக்க வேண்டும். திறந்தால் மூன்று நாளில் விற்றாக வேண்டும். பீப்பாய் ஏலை இழுத்து ஊற்றும் கைப்பம்புகள் எட்டு வரிசையாக நிற்க, கடையில் நாலு பேர்கூட இல்லையென்றால் ஒதுங்கிவிடுங்கள். மோசமான ஒரு கிளாஸை வைத்து, ஆறு பேர் உழைக்கும் ஒரு சின்ன ஆலையின் பெயரை யாரும் கெடுக்கக் கூடாது. இன்னொரு பப்பில் அதே பீரைக் குடித்துப் பார்த்துவிட்டு எழுதுவதுதான் நியாயம். காம்ரா உறுப்பினர்கள் 0 முதல் 5 வரை போடும் மதிப்பெண்ணும் அந்தக் கிளாஸ் வந்த பக்குவத்துக்கே. அந்த வகை தனக்குப் பிடிக்குமா என்பதற்கு அதில் இடமில்லை.

கேள்வி: கலங்கலாக இருந்தால் கெட்டுப்போனதா?

பதில்: கட்டாயம் இல்லை. பீப்பாய் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது பலர் அதை விட்டுவிட்டார்கள், சைவ உணவுக்காரர்களுக்காகவும்தான். கலங்கலோடு புளிப்பு வாடையும் சேர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: சிறு ஆலையைப் பெரிய கம்பெனி வாங்கிவிட்டால் ருசி மாறிவிடுமா? அதைப் பார்த்து நாம் என்ன செய்யப் போகிறோம்?

பதில்: மறுநாளே மாறாது. கேம்டன் டவுன் ஆலையை 2015-ல் ஏபி இன்பெவ் வாங்கியது. பீவர்டவுன் 2022-ல் முழுசாக ஹைனகன் வசமானது. இரண்டும் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் முடிவெடுக்கும் இடம் மாறிவிடுகிறது. பீட்டர் ஆஸ்டினின் ரிங்வுட் ஆலை 2007-ல் மார்ஸ்டன்ஸ் கம்பெனியிடம் போய், பிறகு கார்ல்ஸ்பெர்கோடு சேர்ந்த கம்பெனியின் கணக்கில் வந்து, 2024 தொடக்கத்தில் மூடப்பட்டது. சிறு ஆலைகளுக்கு வழிகாட்டியவரின் ஆலைக்கே அந்தக் கதி. அதனால் விமர்சனத்தில் ருசியை முதலில் எழுதுங்கள், உரிமையாளர் யார் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். வாங்குகிறவருக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

அதே 2024-ல், பர்ட்டனில் மார்ஸ்டன்ஸ் வைத்திருந்த 'யூனியன்' என்ற நொதிக்கும் அமைப்பையும் அந்தக் கார்ல்ஸ்பெர்க் கூட்டுக் கம்பெனி ஓரங்கட்ட முடிவெடுத்தது. வரிசையாக ஓக் பீப்பாய்கள். ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் வளைந்த குழாய் மேலேறி, பொங்கிவரும் ஈஸ்ட்டை நீண்ட தொட்டியில் கொட்டும். பீர் மட்டும் திரும்பக் கீழே இறங்கும். 1838-ல் காப்புரிமை பெற்ற முறை. நியூயார்க்கின் புரூக்ளின் ஆலைக் காய்ச்சுநர் காரெட் ஆலிவர் நடுவில் நின்று பேச, ஒரு செட் பேக்வெல்லில் உள்ள தார்ன்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது. இப்போது அங்கே அதில் பீர் காய்ச்சுகிறார்கள். டெர்பிஷர் பக்கம் போகிறவர்கள் கைப்பம்பில் யூனியன் பீர் இருக்கிறதா என்று கேட்டு, மூன்றில் ஒரு பங்கு வாங்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.