கொழும்பிலிருந்து லண்டன்: தூரமும் நேரமும்

கடந்த ஜனவரியில் நானா மேற்படிப்புக்காக லண்டன் புறப்பட்டார். பயணச்சீட்டில் புறப்பாடு பி.ப. 1.00, வருகை பி.ப. 6.30 என்றிருந்தது. "ஐந்தரை மணித்தியாலம்தான் உம்மா" என்று வீட்டில் கணக்குச் சொன்னவள் நான்தான். ஆறரை ஆனது, ஒன்பதும் ஆனது. தொலைபேசி ஒலிக்கவில்லை. உம்மா தொழுகைப் பாயை விட்டு எழவில்லை. வாப்பா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். அழைப்பு வந்தபோது இரவு 12.40. "இப்பதான் இறங்கினேன்" என்றார் நானா, ஒன்றும் நடக்காதவர் போல.

பிழை எங்கே என்று புவியியல் ஆசிரியையிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு பூகோள உருண்டையையும் கொஞ்சம் நூலையும் தந்தார்.

உருண்டையின் மத்திய கோட்டைச் சுற்ற 94 சென்ரிமீற்றர் நூல் தேவைப்பட்டது. உண்மையில் அது ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். கொழும்பையும் லண்டனையும் இழுத்துப் பிடித்து இணைத்த நூல் 20.5 சென்ரிமீற்றர். வகுத்துப் பெருக்கினால் சுமார் 8,720 கிலோமீற்றர். என்னை வியக்க வைத்தது நூல் சென்ற வழிதான். சுவரிலுள்ள தேசப்படத்தில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேர்கோடு கீறினால் அது சவூதி அரேபியாவின் மேலாகப் போகும். உருண்டையில் நூலின் நடுப்பகுதியோ தெஹ்ரானுக்கு அருகில் கிடந்தது! வளைந்த பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது, மிகக் குறுகிய பாதை நேர்கோடாகத் தெரிவதில்லை.

மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் இத்தூரத்துக்கு பத்து மணித்தியாலம்கூட வேண்டியதில்லை. ஆனால் விமானம் நூலின் மேல் போவதில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், மேலெழுவதற்கும், இறங்குவதற்கும் நேரம் போகும். போர் நடக்கும் நாடுகளின் வானத்தைச் சுற்றியும் போக வேண்டும். அத்தோடு பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும். ஆகவே போக 11 மணித்தியாலம், வர அதைவிடக் குறைவு.

அப்படியானால் என் ஐந்தரை? அது பறந்த நேரமே அல்ல. புறப்பாடு நமது நேரம், வருகை லண்டன் நேரம். பூமி 15 பாகை சுழல ஒரு மணித்தியாலம் எடுக்கும். நமது நேரம் கிழக்கு 82.5 பாகை நெடுங்கோட்டுக்குரியது. லண்டனின் நேரம் பூச்சியப் பாகைக்குரியது. 82.5ஐ 15ஆல் வகுத்தால் ஐந்தரை. லண்டனில் மாலை 6.30 ஆகும்போது இங்கே நள்ளிரவு 12. வித்தியாசமும் ஐந்தரை, நான் சொன்ன விடையும் ஐந்தரை என்பதால்தான் பிழை எனக்குப் பிடிபடவில்லை போலும்.

கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்துவார்கள். அப்போது வித்தியாசம் நாலரைதான். ஜூலையில் நானா விடுமுறைக்கு வருகிறார். பயண விபரத்தை நான் வாசிக்கத் தொடங்கியதுமே உம்மா இடைமறித்தார்: "அது அங்கத்தை நேரமா, நம்மட நேரமா?"