முதலில் பிழைப்பு, பிறகு பூட்டு

நிலக்கரியைக் கைவிட்டுச் சூரியனுக்கும் காற்றுக்கும் மாறியே ஆக வேண்டும். ஆனால் அந்த மாற்றத்தின் சுமையைச் சுரங்க ஊர்கள் மட்டும் தாங்குவது நியாயமல்ல. இதில் நமக்கு முன்னே நடந்த நாடுகளைப் பற்றிச் சில தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன.

நம்பிக்கை: சுரங்கத்தை மூடினால் தொழிலாளர்கள் தெருவில் நிற்பதைத் தவிர்க்க முடியாது.

உண்மை: ஜெர்மனியின் ரூர் பகுதி அதைத் தவிர்த்துக் காட்டியது. அரசும் சுரங்க நிறுவனமும் தொழிற்சங்கமும் 2007-இல் கூடிப் பேசி, மூடலுக்கு 2018 வரை கெடு வைத்தன. அப்போது ஜெர்மனியின் கருநிலக்கரிச் சுரங்கங்களில் மொத்தம் 30,000-க்கும் மேற்பட்டோர் வேலையில் இருந்தார்கள். நிலத்தடியில் உழைத்தவர்கள் 50 வயதிலிருந்தே உதவித்தொகையோடு ஓய்வு பெற முடிந்தது. இளையவர்களுக்கு மறுபயிற்சி கிடைத்தது. 2018 டிசம்பரில் போட்ராப் நகரில் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. பிரிட்டனோ 1984-85 வேலைநிறுத்தத்தை முறியடித்துவிட்டு, சுரங்கங்களை மளமளவென்று மூடியது. அந்த ஊர்கள் பல இன்னும் நிமிரவில்லை. இரண்டு நாடுகளும் மூடியது நிலக்கரியைத்தான். ஒன்று அவகாசம் கொடுத்தது, மற்றொன்று கொடுக்கவில்லை.

நம்பிக்கை: சூரிய மின்நிலையம் வந்தால் வேலையும் தானாக வந்துவிடும்.

உண்மை: தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி அனல்மின் நிலையம் 2022 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. நிரந்தர ஊழியர்கள் வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் கூலியை நம்பியிருந்த கடைக்காரர்களும் வாடகைக்கு வீடு விட்டவர்களும் சேர்ந்தே நொடித்தார்கள். சூரிய மின்நிலையம் தரவேண்டிய மாற்று வேலைகள் உருவாகும் முன்பே பழைய நிலையம் நின்றுவிட்டதே காரணம்.

நம்பிக்கை: பணக்கார நாடுகள் செலவை ஏற்றுக்கொள்ளும்.

உண்மை: 2021 கிளாஸ்கோ மாநாட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு வெளியான திட்டத்தில் மானியம் நூற்றுக்கு 4 அளவில்தான் இருந்தது, பெரும்பகுதி கடன். ஜெர்மனியோ தன் நிலக்கரி மாவட்டங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்க 2020-இல் சட்டமே இயற்றியது. ஏழை நாடு கடன் வாங்கியே மாற வேண்டும் என்பது நியாயமான மாற்றம் ஆகாது.

நம்பிக்கை: ஜெர்மனியின் ரூர் திட்டத்தை நகலெடுத்தால் போதும்.

உண்மை: ரூர் திட்டம் நிரந்தர ஊழியர்களை வைத்துப் போட்டது. நமது நெய்வேலி நிலக்கரிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஊழியர் பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு முன்கூட்டிய ஓய்வூதியம் எப்படிக் கிடைக்கும்? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் பலவும் எந்த ஊதியப் பட்டியலிலும் இல்லை.

ஆகவே நாம் ரூரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஏற்பாடு முதலில், மூடல் பிறகு என்ற வரிசை முறையை. சுரங்கத்தை நம்பி வாழ்பவர் யார் யார் என்ற கணக்கெடுப்பு முதலில். ஒப்பந்தத் தொழிலாளரும் அமரும் பேச்சுவார்த்தை அடுத்து. அதற்கான நிதி பிறகு. மூடும் தேதியைக் கடைசியில்தான் அறிவிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், கணக்கெடுப்பை இப்போதே தொடங்க வேண்டும்.