அந்தக் குழந்தை அடம்பிடிக்கவில்லை

“செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க. நாலு போடு போட்டா அடங்கிடுவான்.”

பொருட்காட்சியிலோ கோயில் திருவிழாவிலோ ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டு கதறும்போது, சுற்றி நிற்பவர்களிடமிருந்து முதலில் வரும் தீர்ப்பு இது. தவறான தீர்ப்பு. அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஏதோ ஒன்று வேண்டும், பலூனோ ஐஸ்கிரீமோ. அழுதபடியே ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்க்கும், கேட்டது கைக்கு வந்ததும் அழுகை நின்றுவிடும். இந்தக் குழந்தை யாரையும் பார்ப்பதில்லை. எதைக் கொடுத்தாலும் அழுகை நிற்பதில்லை. ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் புகை, சீரியல் விளக்கு, இடித்துக்கொண்டு போகும் ஆட்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து தாக்க, தாங்க முடியாமல் போன நிலை அது. மிக்ஸி ஓடும் சத்தமே வலியாகத் தெரியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் தன் நோயறிதல் கையேட்டைத் திருத்தியபோது, ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்தது. அந்த நேரத்தில் அதட்டல், அறிவுரை, ஆறுதல் எல்லாமே அந்தக் குழந்தைக்கு மேலும் கொஞ்சம் சத்தம்தான். விலகி வழிவிடுங்கள். அமைதியான ஓர் ஓரம் கிடைத்தால் மெல்ல மெல்ல அடங்கிவிடும். செல்போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள்.

“கூட்டத்துல நாலு தடவை கொண்டு போய் விட்டா தானா பழகிடும்” என்பது அடுத்தது. பழக்கம் வரும்தான், ஆனால் தள்ளிவிட்டால் வராது. பயந்துபோன குழந்தை அடுத்த முறை செருப்பை மாட்டும்போதே அழத் தொடங்கும். போகப்போகும் இடத்தின் புகைப்படத்தை முந்தைய வாரமே காட்டுவது, முதலில் எது அடுத்து எது என்று படம் ஒட்டிச் சொல்வது, கூட்டம் வருவதற்கு முன் காலையில் போய் அரை மணி நேரத்தில் சிரித்த முகத்தோடு திரும்புவது என்று படிப்படியாகப் பழக்க வேண்டும்.

“பார்த்தா ஒண்ணும் தெரியலையே!” சக்கர நாற்காலியைக் கண்டால் சாய்தளம் வேண்டும் என்று இன்று பலருக்கும் புரிகிறது, மெரினாவில் 2022-ல் கடலோரம் வரை மரப்பாதையே போட்டார்கள். முகத்தில் தெரியாத குறைபாட்டுக்கு அந்தப் புரிதல் இன்னும் வரவில்லை. அதே தேவையை உணர்ந்துதான் லண்டன் கேட்விக் விமான நிலையம் 2016-ல் சூரியகாந்தி படம் போட்ட கழுத்துப் பட்டையை அறிமுகப்படுத்தியது. அதை அணிந்தவருக்குக் கூடுதல் நேரமும் பொறுமையும் தேவை என்று ஊழியர்கள் அறிந்துகொள்வார்கள். நம் ஊர் வரிசைகளில் ஒவ்வொரு முறையும் அம்மாதான் எல்லோர் முன்னாலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த அம்மாவின் மேலேயே பழி போடுகிறவர்களும் உண்டு. வேலைக்குப் போனாள், குழந்தையோடு பேசவில்லை, டிவி போட்டு உட்கார வைத்தாள் என்று. அன்பில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் வல்லுநர்களே சொன்னார்கள். உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-ல் தன் நூலில் அதை ஆதாரத்தோடு மறுத்தார். மரபணுக்களும் கருவில் மூளை வளரும் விதமும்தான் பெரிய காரணம். தடுப்பூசியும் காரணமில்லை: 1998-ல் அப்படிக் கிளப்பிவிட்ட கட்டுரையை லான்செட் இதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளிவந்த ஆய்விலும் எந்தத் தொடர்பும் இல்லை.

“தனியா இருக்கத்தான் அதுங்களுக்குப் பிடிக்கும், எதுக்குக் கூப்பிட்டுக்கிட்டு?” இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. பல பிள்ளைகளுக்குச் சேர்ந்து விளையாட ஆசை இருக்கிறது, எப்படி நுழைவது என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் நின்று பார்ப்பதும், மற்றவர் செய்வதைத் தள்ளி நின்று தானும் செய்வதும் அவர்களுடைய சேர்க்கை. ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் சொன்னது இங்கே பொருந்தும்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது; அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரியவில்லை. நான்கைந்து கல்யாணங்களில் பேச்சு வாங்கிய பிறகு பெற்றோர் போவதை நிறுத்திக்கொள்கிறார்கள். அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்களுடைய விடுமுறையும் சேர்ந்தே முடங்குகிறது.

நல்ல மனதோடு இந்தக் குடும்பங்களுக்காகவே ஒருநாள் உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்கிறவர்களிடமும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நிகழ்ச்சி என்றால் களைகட்ட வேண்டும் என்று. மேடை, மைக், பொன்னாடை, சிறப்பு விருந்தினருக்காக ஒரு மணி நேரக் காத்திருப்பு, வாசலில் பலூன் தோரணம். வெடித்துவிடுமோ என்ற பயத்தில் பலூன் பக்கமே போகாத பிள்ளைகளுக்கு இது தண்டனை. மைக் வேண்டாம், குரூப் போட்டோவுக்கு இழுத்து நிறுத்த வேண்டாம். தரையில் பாய் விரித்து, வெளிச்சம் குறைவான ஓர் அறையை ஒதுக்கினால் போதும். சத்தத்தைக் குறைக்கும் காதுமூடிகள் சில வாங்கி வையுங்கள். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அணைத்துவிடுங்கள். வீட்டிலிருந்து தயிர்சாதமோ வெறும் பிஸ்கட்டோ கொண்டுவந்தால் தடுக்காதீர்கள். வேறெதையும் வாயில் வைக்காத பிள்ளைகள் பலர்.

ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. சட்டென்று ஓடிவிடுவது இந்தப் பிள்ளைகளிடம் சாதாரணம். 4 வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது அப்படி ஓட முயன்றவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்று 2012-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு காட்டியது. பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. ஆபத்து அதில்தான் அதிகம். சுற்றுவேலி உள்ள பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். வாசலில் ஒருவர் கடைசி வரை நிற்கட்டும். கடற்கரை என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரைத் தவிர இன்னொருவர் கூடவே இருக்கட்டும். அன்றைக்காவது அந்த அம்மா நிம்மதியாக உட்கார்ந்து ஒரு டீ குடிக்க முடியும்.

இப்படி இடம் கொடுப்பது சலுகையோ தர்மமோ இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களைப் போலவே பங்கேற்பதை அதன் 29-ஆம் பிரிவு உரிமை என்கிறது. உங்கள் தெருவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ அடுத்த பொங்கல் விழா நடக்கும்போது, அப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்கு முன்கூட்டியே போய், எந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படும், ஸ்பீக்கரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேளுங்கள்.