பள்ளி திறக்கும் முன் எழும் நேரத்தை மாற்றுங்கள்

ஜூன் நெருங்கினால் எல்லா வீடுகளிலும் கடைப் பட்டியல் தயாராகிவிடுகிறது: சீருடை, நோட்டு, பழுப்பு அட்டை, ஷூ, தண்ணீர் பாட்டில். இவற்றை ஒரே மாலையில் வாங்கிவிடலாம். அரசுப் பள்ளி என்றால் பாடநூலும் சீருடையும் பள்ளியிலேயே கிடைக்கும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வேண்டியவர்கள் மட்டும் மே மாதத்திலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். ஜூனில் கூட்டம் தாங்காது. கடைசி நேரத்தில் எந்த விலை கொடுத்தாலும் வாங்க முடியாதது குழந்தையின் தூக்கம்தான். கோடை விடுமுறையில் புழுக்கத்தாலும், இரவு ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றைத் தாண்டும் ஐபிஎல் ஆட்டங்களாலும், கைப்பேசியாலும் படுக்கும் நேரம் நள்ளிரவை நெருங்கிவிடுகிறது. அந்த உடம்பைப் பள்ளி திறக்கும் நாளன்று ஆறு மணிக்கு உலுக்கி எழுப்பினால் வகுப்பில் உட்காருவது தூக்கக் கலக்கம்தான். புது ஆசிரியர் கண்ணுக்கு அந்தப் பிள்ளை மந்தமாகத் தெரியும். படிப்பில் ஆர்வம் இல்லை என்ற பேச்சு பல பிள்ளைகள்மேல் அப்படித்தான் ஏறுகிறது.

முதலில் கணக்குப் போடுங்கள். வேன் ஏழே முக்காலுக்கு வருகிறது என்றால், அவசரமில்லாமல் கிளம்ப ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஆறேகாலுக்கு எழ வேண்டும். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். குறைந்தபட்சமான ஒன்பதை வைத்துக்கொண்டாலும் இரவு ஒன்பதேகாலுக்குக் கண் மூடியாக வேண்டும். இப்போது எட்டரைக்கு எழும் குழந்தைக்கு இடைவெளி இரண்டேகால் மணி நேரம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினால் பதினெட்டு நாள் ஆகும். எனவே மே நடுவில் தொடங்க வேண்டும். நாள் குறைவாக இருந்தால் தினமும் கால் மணி நேரம் நகர்த்தலாம். ஒரே தாவாகத் தாவ வேண்டாம். மூன்றாம் நாள் எல்லோரும் சோர்ந்து பழையபடி ஆகிவிடும்.

பெரும்பாலான வீடுகள் தடுக்கி விழுவது அடுத்த படியில். இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து, ‘தூங்கு, தூங்கு’ என்று மிரட்டுகிறார்கள். தூக்கம் வராத குழந்தை பத்தரை வரை புரளும், பிறகு தண்ணீர் கேட்கும், அழும். தூக்கத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. எழுவதை நம்மால் முடிவு செய்ய முடியும். ஆகவே காலையிலிருந்து தொடங்குங்கள். உடம்பின் கடிகாரத்தை முன்னால் தள்ளுவது காலை வெளிச்சம், பின்னால் தள்ளுவது இரவு வெளிச்சம். எழுந்ததும் குழந்தையை வாசலுக்கோ மாடிக்கோ அழைத்துப்போய் அரை மணி நேரம் விளையாட விடுங்கள். ஜன்னலோரம் உட்காருவது போதாது, வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் வெளியில் இருப்பதில் சிறு பங்குதான். கத்திரி வெயில் நாட்களில் விளையாட ஏற்ற நேரமும் அதுதான். சீக்கிரம் எழுந்த நாட்கள் சேரச்சேர இரவில் தூக்கம் தானே முன்னால் வரும். அது வரும் வரை மதியம் மூன்று மணிக்குள் அரை மணி நேரம் தூங்கவிடலாம், அதற்கு மேல் வேண்டாம். மாலை நான்குக்குப் பிறகு காபியும் டீயும் குழந்தைக்குக் கிடையாது. படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசி வேறு அறைக்குப் போய்விட வேண்டும். எழுப்புவதற்கும் கைப்பேசி வேண்டாம், மணியடிக்கும் சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள்.

‘லீவிலாவது பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டுமே’ என்பார்கள் தாத்தா பாட்டி. தூங்கட்டும், நாம் தூக்கத்தைக் குறைக்கவில்லை, இடம் மாற்றுகிறோம். ‘ஒரே அறை வீடு, அப்பா வேலை முடிந்து வரவே பத்து மணி’ என்பது இதைவிட நியாயமான மறுப்பு. அங்கே இரவை முழுக்கக் கட்டுப்படுத்த முடியாதுதான். ஆனால் குழந்தையின் பாயை டிவிக்கும் விளக்குக்கும் எதிர்ப்புறம் போடலாம், சத்தத்தைக் குறைக்கலாம், அப்பாவோடு பேசும் நேரத்தைக் காலைக்கு மாற்றலாம். ‘பள்ளி திறந்தால் ஒரு வாரத்தில் தானே பழகிவிடும்’ என்கிறவர்களுக்குப் பதில்: அந்த ஒரு வாரத்தில்தான் புது வகுப்பு, புது ஆசிரியர், புது நண்பர்கள் எல்லாம் அமைகின்றன. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் வெயிலால் நடந்ததுபோலத் திறப்புத் தேதி தள்ளிப்போனாலும் பழகிய உடம்புக்கு நஷ்டமில்லை.

எழும் நேரம் நிலைத்ததும் காலை உணவை அதோடு கட்டுங்கள். சாப்பிட்டதும் குடல் அசையத் தொடங்கும். அதனால் டிபன் முடிந்த உடனே பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரப் பழக்குங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகத் தயங்கி நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். மலச்சிக்கலும் வயிற்றுவலியும் பலருக்கு அங்கிருந்துதான் ஆரம்பம். இதைப் பள்ளி திறப்பதற்கு முன்பே பழக்க வேண்டும், வேன் ஹாரன் அடிக்கும்போது பழக்க முடியாது. ஷூவைக் கடைசி வாரம் மாலையில் வாங்குங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். வீட்டிலேயே சில நாள் போட்டு நடக்கச் சொல்லுங்கள். புத்தகப் பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதே முறை, ஆனால் வேறு எதிர்பார்ப்பு. பதின்வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் நகர்கிறது. இரவு பத்தரைக்கு முன் தூக்கம் வராதது சோம்பேறித்தனம் அல்ல. அவர்களுக்கும் 8 முதல் 10 மணி நேரம் தேவை. பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை விடிகாலை நான்கு மணிக்குப் படிக்க எழுப்பாதீர்கள்: படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். பள்ளி திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக எழ விடாதீர்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.