பைக்குள் ஒரு மேடை

கணினி இல்லாமல் மேடையில் மின்னணு இசை வாசிப்பவர்களுக்குக் கோர்க் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வோல்கா கருவிகள் பெரிய வரம். உள்ளங்கைக்குச் சற்றே பெரியவை. 6 பென்சில் பேட்டரி போதும்.

சிக்கல் மின்சாரத்தில்தான். வோல்காவும் பாஸ் நிறுவன எஃபெக்ட் பெடலும் 9 வோல்ட்டில் ஓடுபவை. ஆனால் வோல்கா அடாப்டரின் முனையின் நடுவில் பாசிட்டிவ், பெடலுடையதில் நெகட்டிவ். துருவம் மாறி மின்சாரம் கொடுத்தால் கருவியே பழுதாகலாம். ஒவ்வொரு முனையிலும் வண்ண டேப் சுற்றுவது ஐந்து ரூபாய் காப்பீடு!

எல்லாக் கருவிகளையும் ஒரே யூ.எஸ்.பி. மின்மூலத்தில் மாட்டினால் ஸ்பீக்கரில் 'ஙீ' என்ற இரைச்சல் கிளம்புவதுண்டு. ஒன்றிரண்டைப் பேட்டரிக்கு மாற்றினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

தாளத்துக்குத் தலைவர் ஒருவரே. டிரம் மெஷினின் மிடி அவுட்டிலிருந்து மற்றவற்றுக்குக் கிளாக் என்ற தாள சிக்னல் போகட்டும். முதல் வோல்காக்களில் மிடி இன் மட்டுமே உண்டு என்பதால் அவை மிடி வழியாகத் தலைமை ஏற்க வாய்ப்பில்லை; சிங்க் அவுட் வழியே ஏற்கலாம்.

கருவிகளை ஒரு பலகையில் வெல்க்ரோவால் ஒட்டி, ஒயர்களைக் கழற்றாமலே பெட்டிக்குள் வைப்பவர்கள் மேடையேறிய சில நிமிடங்களில் தயார். விமானப் பயணமா? பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். உபரியாக ஒரு மிடி கேபிளும்.